கிராஸ் வெயிட், நெட் வெயிட், ஒரு தாயத்து

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. அரையாண்டுக் கணக்கு, ஆடிட், நடுவில் ஒரு மாற்றல் வதந்தி... பேங்க்காரன் எழுதாமல் இருக்கக் காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் ஜூன் மாதத்திலிருந்து ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் அது ஒரு மாதிரி முடிந்தது. எழுதிவிடுகிறேன்.

என் கிளை மாட்டுங்கா பக்கம். காலையில் பத்து மணிக்குக் கதவு திறந்தால் முதலில் வருவது பாஸ்புக் பதிய வரும் பென்ஷன் மாமாக்கள். பதினொன்றுக்கு மேல் தாராவியிலிருந்து வருபவர்கள். இட்லிக்கடை வைத்திருப்பவர்கள், தோல் பட்டறைக்காரர்கள், வீட்டில் முறுக்கு சுற்றி விற்கும் பெண்கள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். நானும் அம்பாசமுத்திரத்துக்காரன் என்பது எப்படியோ பரவிவிட்டதால், ஃபாரம் நிரப்புவதிலிருந்து மகனின் கல்விக் கடன் வரை எல்லாம் என் மேஜைக்கே வரும். சக ஆபீஸர்களுக்கு இதில் பரம சந்தோஷம்.

ஜூன் என்றால் நகைக்கடன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும், மழையும் தொடங்கும். ஃபீஸ் ஒரு பக்கம், கூரைக்குத் தார்ப்பாய் ஒரு பக்கம். அப்படித்தான் அந்த அம்மாவும் வந்தார். முப்பது வயது இருக்கும். கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்ததை அவிழ்த்தார். ஒரு ஜோடி கம்மல், ஒரு மெல்லிய செயின், அப்புறம் ஒரு சின்னத் தங்கத் தாயத்து. விரல் நுனி அளவுக் குப்பி, இரண்டு பக்கமும் மூடி, மேலே இரண்டு வளையம்.

நகைக்கடன் வாங்காத பாக்கியவான்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நகையை முதலில் அப்படியே நிறுப்போம், அது கிராஸ் வெயிட். அப்புறம் கல், பாசி, அரக்கு, நூல் என்று தங்கம் அல்லாத எல்லாவற்றையும் கழிப்போம். மிச்சம் நெட் வெயிட். கடன் அதற்கு மட்டும்தான். கல்யாணத்தில் போட்டதா, மாமியார் கொடுத்ததா, பாட்டி ஞாபகார்த்தமா என்பதற்கெல்லாம் ஃபாரத்தில் கட்டம் கிடையாது.

எங்கள் அப்ரைஸர் மராத்திக்காரர். மூன்று தலைமுறையாகத் தங்க வேலை செய்யும் சோனார் குடும்பம். உரைகல்லில் ஒரு இழுப்பு, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட், நிறத்தைப் பார்த்து மாற்று சொல்லிவிடுவார். அவர் தாயத்தைக் கையில் எடுத்து காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"தாயீத் ஆஹே. உள்ளே ஏதோ இருக்கு. மூடியைத் திறந்து கொட்டணும், அப்போதான் எடை எழுதுவேன்."

நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று கையை நீட்டித் தாயத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"சார், அதைத் திறக்காண்டாம் சார். எம் பையனோட தொப்புள்கொடி உள்ள இருக்கு."

அப்ரைஸரிடம் சொன்னேன். அவர் மேல் தப்பில்லை. உள்ளே இருப்பது தெரியாமல் நெட் வெயிட் போட்டால், நாளைக்கு ஆடிட்டில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வேண்டுமானால் உள்ளே இருப்பதை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டித் தந்துவிடலாம், குப்பியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். நியாயமான யோசனை. அந்த அம்மாவும் கொஞ்ச நேரம் யோசித்தார். கிராஸ் வெயிட் 2.4 கிராம். இன்று தங்கம் விற்கிற விலையில் அது விளையாட்டில்லை. அவருக்கு வேண்டிய ஃபீஸுக்கும் கம்மல், செயின் மேல் கிடைக்கிற தொகைக்கும் நடுவில் இருந்த இடைவெளி கிட்டத்தட்ட அந்தத் தாயத்துதான்.

"வேண்டாம் சார். கம்மலும் செயினும் போதும்."

தாயத்தை மட்டும் தனியாக முடிந்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு அப்ரைஸர் சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்க மராத்தியில ரொம்பச் செல்லமானவங்களை 'கள்யாத்லா தாயீத்'னு சொல்வோம். கழுத்துத் தாயத்து. அந்தப் பையன் அவளுக்கு அப்படி."

இருபது வருஷமாக மும்பையில் இருக்கிறேன். அவர்கள் சொல்லும் தாயீத்தும் நம்ம தாயத்தும் ஒரே சொல் என்பது அன்றுதான் மண்டையில் ஏறியது. இரண்டுமே அரபியின் 'தஅவீத்' என்ற சொல்லிலிருந்து வந்தவை. அடைக்கலம் தேடுவது என்று பொருள். உருது, இந்தியில் தாவீஸ். வாட்ஸப்பில் 'தாய் + அத்து = தாயத்து, தாயிடமிருந்து அறுத்ததால் தாயத்து' என்று வருஷத்துக்கு நாலு முறை சுற்றி வருமே, அது அழகான கற்பனை, அவ்வளவுதான். கூடவே 'உள்ளே ஸ்டெம் செல் இருக்கிறது, பின்னால் நோய் வந்தால் அதை வைத்தே குணப்படுத்தத்தான் நம் முன்னோர்...' என்று ஒரு வால் இருக்கும். ஸ்டெம் செல் வேண்டுமென்றால் பிரசவம் ஆனவுடன் கொடியிலிருந்து ரத்தத்தை எடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். காய்ந்து சுருங்கி விழுந்த கொடியில் உயிருள்ள செல் எதுவும் இராது. முன்னோர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. அதற்காக அவர்களை லேப் டெக்னீஷியன் ஆக்க வேண்டாமே :-)

சொல்தான் வெளியிலிருந்து வந்தது. பழக்கம் அதற்கு ரொம்ப முந்தியது. தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் சின்ன வயதிலேயே போருக்கு வந்ததைச் சொல்லும் இடைக்குன்றூர் கிழார், பையன் இன்னும் கழுத்துத் தாலியைக்கூடக் கழற்றவில்லையே என்று புறநானூற்றில் ஆச்சரியப்படுகிறார். அந்தத் தாலி கல்யாணத் தாலி இல்லை, குழந்தைகளுக்குக் காப்பாகக் கட்டுவது. ஐம்படைத்தாலி என்றும் ஒன்று உண்டு. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஐந்தையும் குட்டிக்குட்டியாகச் செய்து பிள்ளை கழுத்தில் கோத்துவிடுவது. ராஜா வீட்டுப் பிள்ளையானாலும் பெற்றவளுக்குப் பயம் பயம்தான்.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கம்பாலாவில் மூன்று வருஷம் போஸ்டிங்கில் இருந்த என் நண்பன் ஒருவன் உகாண்டாவின் பாகண்டா மக்களைப் பற்றிச் சொல்லுவான். அவன் சொல்லித்தான் ஜான் ராஸ்கோ என்ற பாதிரியார் 1911ல் அவர்களைப் பற்றி எழுதிய தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். மூலிகை அடைத்த கொம்புகள் முதல் கழுத்தில் கட்டும் காப்புகள் வரை விதவிதமாக இருக்கின்றன. என்னை நிறுத்தி வைத்தது தொப்புள்கொடிதான். அங்கே தாய்மார்கள் விழுந்த கொடியைப் பத்திரப்படுத்தி, பெயர் வைக்கும் சடங்குக்கு எடுத்து வருவார்களாம். ராஜாவின் கொடிக்கு 'முலோங்கோ' என்று பெயர். இரட்டைப் பிள்ளை என்று அர்த்தம். அதாவது ராஜாவோடு கூடப் பிறந்தவர்! மரப்பட்டைத் துணியில் சுற்றி, பாசிமணி கோத்து அலங்கரித்து, அதைக் காப்பதற்கென்றே 'கிம்புக்வே' என்று ஒரு பெரிய பதவி. யோசித்துப் பாருங்கள், மந்திரி அந்தஸ்தில் ஒரு சேஃப் கஸ்டடி ஆபீஸர்.

சேஃப் கஸ்டடி என்றதும்தான் என் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மகள் 2012ல் செம்பூரில் பிறந்தாள். மனைவிக்கு அம்மா இல்லாததால் என் அம்மாதான் ஊரிலிருந்து வந்து பிரசவம் பார்த்தாள். பத்தாம் நாளோ என்னவோ கொடி விழுந்தது. அம்மா அதை மஞ்சள்தூளில் புரட்டி ஒரு சிமிழில் போட்டு ஜன்னலோரம் காயவைத்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. தாராவியில் நம்ம ஊர் ஆசாரி ஒருவரை எப்படியோ கண்டுபிடித்து (மும்பையில் அவளுக்கு மொழி தெரியாது, ஆனால் மூன்றே வாரத்தில் ஆசாரி, நாட்டு மருந்துக்கடை, நல்ல கருவாடு மூன்றும் கிடைக்கும் இடம் தெரிந்துவிட்டது) வெள்ளியில் தாயத்து செய்து, கொடியை உள்ளே வைத்து அரக்கால் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளை இடுப்பில் கட்டிவிட்டாள். செட்டா நகர் முருகன் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படியேறிக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

எனக்குத் தாயத்து என்றாலே ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1990ல் எனக்குப் பத்து வயது. பக்கத்து வீட்டுப் பையன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், பம்பரம் விடுவதில் மன்னன். அவனைக் கெண்டைக்காலில் நாய் கடித்தது. அப்போதெல்லாம் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்தப் பயத்திலேயே அவன் வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். கையில் கயிறும் கழுத்தில் தாயத்தும் கட்டி, பத்தியம் சொல்லி அனுப்பினார்கள். புண் ஆறிவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அவன் அலறினான். அதற்கப்புறம் நாலு நாள். சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகும்போதும் கழுத்தில் அது கிடந்தது. திண்ணையில் நின்று பார்த்தேன்.

மகாராஷ்டிரத்தில் 2013ல் மூடநம்பிக்கைத் தடுப்புச் சட்டம் வந்தபோது அதை வரி விடாமல் படித்ததற்கும் அவன்தான் காரணம். அந்தச் சட்டத்துக்காகப் பல வருஷம் போராடிய டாக்டர் நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி புனேயில் காலை நடைக்குப் போனபோது சுட்டுக் கொன்றார்கள். நாலே நாளில் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 மே வரை ஆனது. சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி உண்டு. நாய், பாம்பு, தேள் கடித்தவரை வைத்தியத்துக்குப் போகவிடாமல் தடுத்து, மந்திர தந்திரம், 'கண்டா தோரா' என்று வைத்தியம் செய்வது குற்றம். கண்டா தோரா என்றால் மந்திரித்த கயிறு. கட்டுவது குற்றமில்லை, கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக் கதவை மறிப்பதுதான் குற்றம். கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று தோன்றியது. அம்பாசமுத்திரத்தில் அந்தக் கோடு இருபத்து மூன்று வருஷம் முன்னால் விழுந்திருக்கலாம்.

ஊரே கட்டிக்கொண்டுதான் அலைகிறது. சனிக்கிழமை காலையில் மும்பையில் எந்தக் கடை வாசலையும் பாருங்கள். ஒரு எலுமிச்சை, ஏழு பச்சை மிளகாய், சில சரத்தில் ஒரு கரித்துண்டும் பிப்பாவும் (நம்ம சேராங்கொட்டை) சேர்ந்திருக்கும். டாக்ஸி, ஆட்டோ, வடாபாவ் வண்டி, வைரக் கடை, பேதமே கிடையாது. பழசைக் கழற்றி ரோட்டில் போடுவார்கள். அதை மிதிக்காமல் ஆபீஸ் போகிறவர்கள் பாண்டி ஆடுகிற மாதிரி தாவிப் போவார்கள். எங்கள் ஏடிஎம் கதவிலேயே ஒன்று தொங்கும். சிசிடிவி இருக்கிறது, அலாரம் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார், அப்புறம் எலுமிச்சையும் இருக்கிறது. கட்டுவது யார் என்று யாருக்கும் தெரியாது, சிசிடிவியில் பார்க்கவும் யாரும் தயாரில்லை. மாஹிம் பக்கம் போனால் மக்தூம் அலி மாஹிமி தர்காவில் கயிறு வாங்கும் வரிசையில் பொட்டு வைத்த பெண்களும் நிற்பார்கள். அதே பெண்கள் புதன்கிழமை நொவேனாவுக்கு மாஹிம் சர்ச்சில் மெழுகில் செய்த குழந்தைப் பொம்மையோடு நிற்பதையும் பார்க்கலாம். எங்கள் ஊரிலும் சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் படியில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓதி ஊதச்சொல்லி அம்மாக்கள் காத்திருப்பார்கள். அந்தப் படியில் யாரும் யாரிடமும் சாதி மதம் கேட்டதில்லை.

சரி, மகள் விஷயம். மே மாத மும்பைப் புழுக்கத்தில் அவள் இடுப்பில் கயிறு பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. டாக்டர் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள் என்றார். அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். டாக்டர் சொன்னதால் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். டாக்டர் சொல்லாவிட்டாலும் வெட்டியிருப்பேன். தாயத்தைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டேன். சட்டை தோபி மூட்டைக்குப் போனது. மறுநாள் ஞாபகம் வந்து ஓடினேன். தோபி மூட்டையை உதறிக் காட்டினார், கல்லுக்கடியில் தேடினார், இல்லை.

அம்மா குளித்துவிட்டு வந்து பிள்ளை இடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தோல் சிவந்துட்டும்மா, டாக்டர் கழட்டச் சொன்னார். பேங்க் லாக்கர்ல வைக்கப் போறேன்" என்றேன். லாக்கர் என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. மகன் பேங்க் ஆபீஸர், லாக்கரில் வைக்கிறான், இதைவிட என்ன பாதுகாப்பு!

பி.காம் படித்தவர்களுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 151 ஞாபகம் இருக்கும். ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளை, சாதாரண அறிவுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை போனிலும், காய்ச்சல் சளி விசாரித்து முடித்து, வைக்கும் முன்னால் ஒரு கேள்வி வரும்.

"எய்யா, அது பத்திரமா இருக்குல்லா?"

"இருக்கும்மா."

நாலு வருஷம் இப்படியே ஓடியது. 2016 அக்டோபரில் மகளுக்கு டெங்கு. செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போய் 28,000ல் நின்றது. இதற்குத் தனி மருந்து கிடையாது, உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். பயப்படாமல் எப்படி இருப்பது? அம்மாவுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. போனில் அழுதாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"எய்யா, லாக்கர்ல இருக்கதை எடுத்து ஒரு ராத்திரி பிள்ளை தலவாணிக்கு அடியில வை. எனக்காக வை."

மனைவியும் என்னைப் பார்த்தாள். "நாளைக்கு ஆபீஸ் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

அன்று ராத்திரி டிபன் வாங்கப் போவதாகச் சொல்லி ஆட்டோ பிடித்துத் தாராவி 90 அடி ரோட்டுக்குப் போனேன். ஒன்பது மணி. நாட்டு மருந்துக்கடை ஒன்று மூடுகிற நேரம்.

"தாயத்துக் குப்பி இருக்கா அண்ணாச்சி?"

"தகடு வச்சதா, சும்மாவா?"

"சும்மா குப்பி."

"யாருக்கு?"

"பிள்ளைக்கு. காய்ச்சல்."

அவர் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "வெறுங்குப்பி பிள்ளைக்குக் கட்டப்படாது தம்பி" என்று ஒரு டப்பாவைத் திறந்து காய்ந்த வேர்த்துண்டு ஒன்றைக் கிள்ளி உள்ளே போட்டார். வசம்பு. இருட்டிய பிறகு அதன் பேரைச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் பேர் சொல்லாதது என்றே அதற்கு ஒரு பேர். அவரும் சொல்லவில்லை. வெள்ளி முலாம் பூசிய குப்பிக்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டார், வேருக்கு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து பார்த்தால் அது பளபளவென்று இருந்தது. நாலு வருஷம் பழையது மாதிரியே இல்லை. பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சிமெண்ட் தரையில் தேய்த்தேன். கறுப்புக் கயிற்றைக் கசக்கினேன். தலைமுறை தலைமுறையாக போலிக் கையெழுத்தைப் பிடிக்கக் கற்றுத் தரும் உத்தியோகம் என்னுடையது. நான் செய்த ஒரே ஃபோர்ஜரி இதுதான். தேய்த்துக்கொண்டே இருந்தபோது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் முருகனுக்கும் மட்டும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் மனைவி கையில் கொடுத்தேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அம்மாவுக்குப் போன் போட்டு "வச்சாச்சு அத்தை" என்றாள். மூன்றாம் நாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. டெங்குவில் அது அப்படித்தான் ஏறும். டிரிப்ஸ் ஏற்றிய நர்ஸம்மாவுக்கும் டாக்டருக்கும்தான் நான் நன்றி சொன்னேன். அம்மா யாருக்குச் சொன்னாள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த 60 ரூபாய்க் குப்பியை நிஜமாகவே லாக்கரில் வைத்தேன்.

அம்மா 2019ல் போய்ச் சேர்ந்தாள். கடைசியாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். இருக்கும்மா என்றேன். அப்போதாவது ஏதோ ஒன்று இருந்தது.

ஜூனில் அந்தத் தாராவி அம்மா வந்துபோன அன்று ராத்திரி, சாப்பிடும்போது அப்ரைஸர் கதையை வீட்டில் சொன்னேன். மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவளுக்கும் யாரோ அந்த ஸ்டெம் செல் வாட்ஸப்பை அனுப்பியிருக்கிறார்கள். அது தப்பு என்று என்னைவிட நன்றாகவே விளக்கினாள். விளக்கிவிட்டு, "அப்பா, என்னோடது லாக்கர்ல இருக்குல்ல? ஒரு தடவை எடுத்துட்டு வாயேன், பாட்டி பண்ணது, நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். தோபி, 90 அடி ரோடு, படிக்கட்டு, எல்லாம்.

மகள் முதலில் சிரித்தாள். அப்புறம் "பாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "எனக்குத் தெரியும். பழசுல ஒரு வளையம் நசுங்கியிருக்கும். ஆசாரி கொண்டுவந்து கொடுத்தப்பவே அத்தை அவர்கிட்ட சண்டை போட்டாங்க."

"அப்புறம் ஏன் தலையணைக்கு அடியில வச்சே?"

"அத்தை போன்ல வச்சியான்னு கேப்பாங்க. வச்சேன்னு சொல்லணும்ல. நானுமா பொய் சொல்றது?"

ஒன்பது வருஷம் இதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். லாக்கர் என்றால் அது லாக்கர்.

போன வாரம் அந்த அம்மா கடனை அடைக்க வந்தார். கெடுவுக்கு முன்னாலேயே. வட்டியோடு கட்டிவிட்டுக் கம்மலையும் செயினையும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கூடவே பையன். ஏழு எட்டு வயது, பள்ளிக்கூட யூனிஃபார்ம். சட்டைக்கு மேலே தாயத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"அரிக்குதாடா?" என்றேன்.

"ஆமா அங்கிள்."

"சும்மா நில்லு" என்றார் அந்த அம்மா. பிறகு என்னிடம், "மழை முடிஞ்சும் வேர்வை சார், அதான்" என்று சொல்லிக்கொண்டே, கயிற்றை அவன் காலருக்கு வெளியே தோல் படாமல் எடுத்துவிட்டார்.